ஏழு என்று சொன்னவர்

முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. அதனால் வெளிச்சமும் காற்றும் வருகிற இடமாகப் பார்த்து, மாடிப்படியை ஒட்டிய சன்னலுக்குக் கீழே முறத்தை வைத்துக்கொள்வேன். திருநகரில் என் மகன் கட்டிய வீடு இது. மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எழுதுவதற்கு அவளுக்கு நாற்காலி, மேசை எல்லாம் உண்டு. ஆனால் போனுக்கு டவர் கிடைப்பது மாடிப்படியில்தான். ஆக, சாயந்திரமானால் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

வீட்டுப்பாடக் கேள்வியை அவள் போனிடம் கேட்பாள். போன் பதில் சொல்லும். ஒரு பெண் குரல்தான். அது இருமாது, தும்மாது, இரு அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகாது. பாட்டுக்கு மையக்கருத்து கேட்டால் மையக்கருத்து வரும். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் என்ன வேறுபாடு என்றால் அதுவும் வரும். இங்கிலீஷ் கேள்வி என்றால் அந்தக் குரலுக்கே கொஞ்சம் மிடுக்கு கூடிவிடும். இவள் கேட்டுக் கேட்டு எழுதுவாள். எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட்டு மேலே போய்விடுவாள்.

போன வாரம் ஒரு நாள் அரசாங்கத்தைப் பற்றிய பாடம் போலிருக்கிறது. அடிப்படை உரிமைகள் எத்தனை என்று கேட்டாள். ஆறு என்றது போன். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, "ஏழு" என்றேன்.

நான் இப்படி நடுவில் வாய் வைக்கிற ஆளே இல்லை. இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தும், கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவள். இரண்டு கிலோ தக்காளி கேட்டு, கடைக்காரர் காதில் விழாமல் ஒரு கிலோ போட்டுக் கொடுத்தால் அதோடு வந்துவிடுகிறவள். அன்றைக்கு எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தது. "ஆறுதான் பாட்டி. ஏழெல்லாம் இல்ல."

நான் கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, முன்னால ஏழு இருந்துச்சா என்று போனிடமே கேட்டுவிட்டது. போன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஆமாம், முதலில் ஏழு இருந்தன, சொத்துரிமை என்று ஒன்றும் அதில் சேர்த்தி, பிற்பாடு சட்டத்தைத் திருத்தி அதை மட்டும் எடுத்துவிட்டார்கள், அதிலிருந்து ஆறு என்றது.

"சூப்பர் பாட்டி, நீங்க சொன்னதும் கரெக்ட்தான்" என்றாள் அவள்.

கரெக்டாக இருந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று. அன்றைக்குக் கீரையைப் பாதி காம்போடு வதக்கிவிட்டேன். மருமகள் காம்பை எடுத்து எடுத்துத் தட்டோரம் வைத்தாள். ஏன் அந்தப் பதில் என்னை இப்படி ஆட்டிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், உங்களைப் பழங்காநத்தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதன் வாசனை. மாமனார் தெருமுனையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு, தவிடு. கடை சின்னது என்பதால் மூட்டைகளில் பாதி வீட்டுப் பின்கட்டில்தான் அடுக்கிக் கிடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் என் சேலை, தலையணை, தலைமயிர் எல்லாவற்றிலும் பிண்ணாக்கு வாசனை. ஒரு மாதம் கழித்து எங்கள் ஊருக்குப் போனபோது என் அம்மா கட்டிப்பிடித்துவிட்டு, "என்னடி, மாட்டுத் தொட்டிக்குள்ளயா இருந்துட்டு வார?" என்று கேட்டாள். பிறகு அது எனக்குப் பழகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது செக்கு ஆடுகிற இடத்தைத் தாண்டினால் 'வயது வந்தோர் வாக்குரிமை' என்று என் வாய் முணுமுணுக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அந்த மூட்டைகள் மேல்தான் என் நாத்தனார் தனலட்சுமி உட்கார்ந்து படிப்பாள். தனம் என்று கூப்பிடுவோம். அப்போது பத்தாம் வகுப்பு. என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். அந்தக் காலத்தில் பாடம் என்றால் ஒப்பிக்க வேண்டும். கேள்விக்குப் பதிலைப் புத்தகத்தில் இருக்கிறபடியே உருப்போட்டு, யாராவது ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுத்து, பார்த்துச் சொல்லுங்க என்று எதிரே நின்று கடகடவென்று சொல்லி முடிக்க வேண்டும். புத்தகம் பிடிக்கிறவருக்குப் பாடம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். எங்கள் தெருவில் டைலர் காஜா எடுத்துக்கொண்டே ஒரு பையனுக்கு வரலாறு பிடிப்பார். பூக்கட்டுகிற அக்கா புத்தகத்தைக் கால் பெருவிரலில் நிறுத்திக்கொண்டு விஞ்ஞானம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு வந்தது. மாமனாருக்கும் அத்தைக்கும் எழுத்து தெரியாது. என் வீட்டுக்காரர் பத்தாம் வகுப்பு வரை போய்த் தவறியவர். ஆனால் அவருக்கு மில்லில் ஷிப்டு, சாயந்திரம் வீட்டில் இருக்க மாட்டார். மிச்சம் நான். அஞ்சாம் வகுப்பு. 'மதினி, பாத்துச் சொல்லுங்க' என்று தனம் புத்தகத்தை நீட்டினால், நான் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போவேன். அவள் ஒரு வார்த்தையை விட்டால் என் விரல் நின்றுவிடும். விரல் நின்றதைப் பார்த்து அவளே திருத்திக்கொள்வாள். நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. எனக்கென்றே செய்த வேலை மாதிரி.

இங்கிலீஷ்தான் எனக்குத் திண்டாட்டம். பெரிய எழுத்து இருபத்தாறும் தெரியும், சின்ன எழுத்தில் பாதிக்கு மேல் சந்தேகம். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கே புள்ளி வருகிறதோ அங்கே தனம் மூச்சு விட்டால் சரி, விடாவிட்டால் தப்பு. இப்படியே ஒரு வருஷம் இங்கிலீஷ் பிடித்திருக்கிறேன். லீவ் லெட்டர் பாடம் வந்தபோது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். காய்ச்சலாக இருக்கிறது, லீவு வேண்டும் என்று எழுதியிருக்காம். கல்யாணத்துக்குப் போக லீவு கேட்டால் என்ன எழுதுவீர்கள் என்றேன். "அதுக்கும் காய்ச்சல்தான் மதினி. எங்களுக்கு அந்த ஒரு லெட்டர்தான் தெரியும்" என்றாள். அவர்கள் வகுப்பில் முகூர்த்த மாதங்களில் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்துவிடுமாம்.

தமிழில் 'நயம் பாராட்டுக' என்று ஒரு கேள்வி வரும். ஒரு பாட்டைக் கொடுத்து அதன் மோனை, எதுகை, அணி எல்லாம் சொல்லிப் புகழ வேண்டும். எனக்கு ஒரு பாட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இது நல்லா இல்லைன்னு எழுதக் கூடாதா என்று கேட்டேன். தனம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாராட்டுகன்னு கேட்டா பாராட்டத்தான் செய்யணும். நல்லா இல்லைன்னு எழுதுனா மார்க்கு கெடையாது மதினி." அன்றைக்குப் பூராவும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் பெரியப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, மாப்பிள்ளை பிடிச்சிருக்குல்ல என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதுவும் நயம் பாராட்டுகதான்.

நாங்கள் ஒப்பிக்கிற நேரத்துக்கு மாமனார் கடையைச் சாத்திவிட்டு வருவார். கைகால் கழுவி, நாற்காலியைப் பின்கட்டு நிலைப்படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் சட்டென்று எழுந்து நின்றுவிடுவேன். மாமனார் முன்னால் உட்காரும் வழக்கம் இல்லை. நின்றுகொண்டே புத்தகம் பிடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இங்கிலீஷ் என்றால் எழுந்து போய்விடுவார். அவருக்குப் பிடித்தது குடிமையியல். தேர்தல் கமிஷன், ஆளுநரின் அதிகாரங்கள், ஊராட்சி ஒன்றியம் என்று தனம் சொல்லிக்கொண்டு போக, அவர் தலை தானாக ஆடும். அச்சில் வந்தது என்றால் அவருக்கு அப்படி ஒரு பயபக்தி. தரையில் கிடக்கிற காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கடையில் எடைக்கற்களுக்கு வருஷா வருஷம் அரசாங்கத்தில் முத்திரை வாங்குவார்கள். முத்திரை விழுந்த கல்லை யாரும் கேள்வி கேட்க முடியாது. பாடப் புத்தகமும் அவருக்கு அப்படித்தான், முத்திரை விழுந்த கல்.

இதற்கு நடுவில்தான் தனத்தின் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு வந்தது என்று சொல்வதே தப்பு. அது அவள் பிறந்தபோதே பேசி வைத்தது. அத்தைக்கு ஒரே தம்பி, அலங்காநல்லூர் பக்கம் கரும்பு விவசாயம். தனம் பெரிய மனுஷியானபோது தாய்மாமன் முறைக்கு ஓலைக்குடிசை கட்டி, சீர் கொண்டுவந்து இறக்கியவர். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கரும்பு, வெல்லம். வாடிவாசலில் பிடிபடாமல் வந்த தன் காளையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். தனத்துக்கும் அவருக்கும் வயசு ரொம்ப வித்தியாசம். ஆனால் எனக்குத் தெரிந்து அது யாருக்கும் கணக்கில்லை. பத்தாம் வகுப்பு பரீட்சை முடியட்டும், பிறகு முகூர்த்தம் என்று முதலில் இருந்தது. அந்த வருஷம் மாசி தொடங்கும்போதே அவர் வந்து, பரீட்சை எதற்கு, எழுதி என்ன ஆகப்போகிறது, பங்குனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்குச் சந்தோஷம். தம்பி கைக்குப் பெண் போனால் பிறந்த வீட்டுக் கதவு தனக்கு என்றைக்கும் திறந்திருக்கும் அல்லவா.

தனம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அவள் சொல்லி இல்லை, பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு அவள் பெயர் வைத்து, அதட்டிப் பாடம் நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். மாமனாரும் அந்த நாட்களில் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் வந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல மனுஷர். ஆனால் பேச மாட்டார். வீட்டில் இரண்டு பேருக்கு வாக்குவாதம் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கல்யாணமான முதல் வருஷம் என் தங்கச்சி சடங்குக்கு நான் போகக் கூடாது என்று அத்தை சொன்னபோது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சைக்கிள் பம்பைத் தேடப் போய்விட்டார். அந்த வீட்டில் என் பக்கம் நிற்க ஆள் கிடையாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்துபோயிற்று.

அப்புறம் அந்தச் சாயந்திரம். பாடம் அடிப்படை உரிமைகள். தனம் மூட்டை மேல் இருந்து இறங்கி, சுவரில் சாய்ந்து நின்றாள். நான் விரலை வரிக்குக் கீழே வைத்தேன். மாமனார் கண்ணை மூடியிருந்தார். சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கமும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாவதும் முடிந்தது. என் விரலும் முடிந்த இடத்தில் நின்றது. அதற்குக் கீழே 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று பயிற்சி தொடங்கிவிடும். தனம் நிற்கவில்லை. அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்.

"ஏழு, மண உரிமை. பெண்ணின் சம்மதம் இன்றி நிச்சயிக்கப்படும் திருமணம் செல்லாது. மீறுவோர் தண்டனைக்கு உரியவர் ஆவர்."

நான் தலையைத் தூக்கவில்லை. புத்தகத்தில் கோடுகள்தான் இருந்தன, நிரப்ப வேண்டிய கோடுகள். தனம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மாமனார் கண்ணைத் திறந்தார்.

"இவ சொல்றது அதுல போட்டுருக்கா ஆத்தா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருக்கு நான் 'ம்' என்பதற்கு மேல் பதில் சொன்னதில்லை. சோறு போடவா என்று கேட்பதைக்கூட அத்தை வழியாகத்தான் கேட்பேன். என்னை எங்கள் பெரியப்பா கேட்டாரே ஒரு கேள்வி, அது ஏனோ அந்த நேரம் ஞாபகம் வந்தது.

"போட்டுருக்கு மாமா."

அவர் எழுந்து நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.  தனம் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேர் விரலும் பட்டன.  அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

தீவனம் ஏற்றிப் போன வண்டிக்காரரிடம் மாமனார் அலங்காநல்லூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளைக்கு இஷ்டம் இல்லை போலிருக்கிறது, சட்டத்திலும் இடம் இல்லையாம், கொஞ்சம் பொறு என்று. எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அத்தையின் தம்பி வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. இந்தத் தடவை கரும்பு கொண்டுவரவில்லை. முதலில் சிரித்துக்கொண்டேதான் பேசினார். "மச்சான், கவர்மெண்டு எம்புட்டோ சொல்லும். அக்கா மக மேல எனக்கு இல்லாத உரிமையா?" புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் மாமனார். வந்தவர் சிரிப்பு நின்றது. எங்கள் ஊர் வாத்தியாரிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன், உரிமை மொத்தமே ஆறுதானாம், ஏழாவதை எங்கிருந்து பிடித்தீர்கள், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன்.  நான் புத்தகத்தோடு கூடத்துக்கு வந்தபோது அத்தை ஒரு ஓரம், அவர் தம்பி பாயில், மாமனார் நாற்காலியில். அன்றைக்கு மில் லீவு. என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தனத்தைக் காணோம். பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருப்பாள்.

நான் வாசித்தேன். ஆம்பளைகள் இருக்கிற கூடத்தில் என் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆறு வரைக்கும் கண்ணால் பார்த்து வாசித்தேன். பிறகு கோடிட்ட இடங்களைப் பார்த்துக்கொண்டே, தனம் சொன்னது சொன்னபடி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். எத்தனை நாள் அவளைத் திருத்தியிருப்பேன், எனக்கும் ஒப்பிக்க வராதா.

"இந்தப் புள்ளை சும்மா சொல்லுது மச்சான். வாத்தியாரு பொய்யா சொல்லுவாரு? ஆறுன்னா ஆறுதான். புத்தகத்த இப்படிக் குடு ஆத்தா" என்று கையை நீட்டினார். அவருக்குக் கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரியும்.

அப்போது வாசலில் இருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏழுதான் மாமா. நான் படிக்கையிலயே ஏழு."

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அவர் இப்படி ஒரு பேச்சுக்கு நடுவில் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அந்த ஏழாவது என்னடா மாப்ள?" என்று கேட்டார் மாமன்.

"அதான் வாசிக்கிதுல்ல" என்றார் இவர். சொல்லிவிட்டுச் செயினைச் சுற்றினார்.

மாமனார் எழுந்து வந்து என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கினார். வாங்கி, மாமன் நீட்டிய கையைப் பார்க்காதது மாதிரி, சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "வாசிச்சாச்சு. அம்புட்டுத்தான் மாப்ள. சாப்பிட வா" என்றார். மாமன் சாப்பிடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

தனம் பரீட்சை எழுதினாள். மேலே படித்தாள், டிரெயினிங் போனாள், திண்டுக்கல் பக்கம் டீச்சரானாள். கல்யாணம் அவளாகச் சரி என்று சொன்ன இடத்தில் நடந்தது. இப்போது ரிட்டயர் ஆகி மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். கால் வலி, சர்க்கரை, மருமகள் என்று பேசுவோம்.

கதை இதோடு முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். அத்தை இருக்கிறாரே. தம்பி அந்த வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு பெண் கட்டினார், அக்காவுக்குச் சொல்லவில்லை. அத்தை அப்போது அழவில்லை. மாமனார் காலமானபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும், அது வந்து போர்த்தினால்தான் புருஷனை இழந்தவளுக்கு மரியாதை. மயானத்துக்கு எடுக்க வேண்டிய நேரம் தாண்டியும் அத்தை தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலங்காநல்லூர் பஸ் வந்து போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். கடைசியில் தெருக்காரர் ஒருவர் கடையில் வாங்கி வந்த சேலையைப் போர்த்தினார்கள். அன்றைக்கு அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்: "படிச்ச புள்ளைக ரெண்டும் சேந்து என் பொறந்த வீட்டப் பூட்டிட்டீகளேடி." நான் அஞ்சாம் வகுப்பு. அத்தை கணக்கில் நானும் படித்த பிள்ளை. அந்தச் சொல் இன்றுவரை எனக்குள் உறுத்துகிறது. அன்று நான் வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டும் இரண்டு பக்கமாகக் கிடக்கிறது.

ஆனால் நான் இத்தனை காலம் ஓட்டியது எதை வைத்து என்று கேட்டால், வாசலில் இருந்து வந்த அந்தக் குரலை வைத்துத்தான். என் மகன் படிக்கும்போது அவனுக்கும் நான்தான் புத்தகம் பிடித்தேன். அதிலும் ஆறுதான் இருந்தது. அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. இந்த மனுஷர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். நான் நடுக் கூடத்தில் தனியாக நின்று மாட்டிக்கொள்ளப் போவது தெரிந்து, சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டே எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. வாக்குவாதம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேதான் போனார். எத்தனையோ நாள் கோபத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன், ஒரு தடவை பெட்டியைக்கூடக் கட்டினேன். அப்போதெல்லாம் அந்த ஏழு ஞாபகம் வரும். கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுவேன். அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டால் 'அதெல்லாம் எப்பவோ நடந்தது' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கேட்காமலே வைத்திருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது மாடிப்படியில் இருந்து ஒரு போன் சொல்கிறது, அவர் படிக்கும்போது நிஜமாகவே ஏழுதான் என்று. அவர் புத்தகத்தில் ஏழு இருந்தது. ஏழு என்று உருப்போட்டார். யாரோ ஆறு என்றதும், தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் யாருக்கும் துணைக்கு வரவில்லை. தப்பாகச் சொன்னதைத் திருத்தினார், அவ்வளவுதான்.

பழங்காநத்தம் வீட்டை விற்று எத்தனையோ வருஷம். அங்கே இப்போது மூன்று மாடி ஏறிவிட்டது, கீழே செல்போன் கடை. கடந்த மாசம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது பிண்ணாக்கு வாசனைக்காக மூக்கை இழுத்துப் பார்த்தேன், பெட்ரோல்தான் வந்தது. தெருவில் காஜா எடுத்துக்கொண்டே வரலாறு பிடிக்கிறவரும் இல்லை. பிள்ளைகள் யார் எதிரேயும் நின்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. 'பாத்துச் சொல்லுங்க' என்று யாரும் யாரிடமும் புத்தகத்தை நீட்டுவதில்லை. அந்த வீட்டில் ஒரு நாள் நான் ஒருத்தி 'போட்டுருக்கு' என்று சொன்னதால் ஒரு பிள்ளை தப்பித்தது. இனி அப்படிச் சொல்ல யாருக்கும் வேலை இல்லை. போன் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது.

ராத்திரி படுத்தால் அந்த வாசலுக்குத்தான் மனசு போகிறது. ஏழு போய்விட்டது, சரி. அவர் இரண்டாவதாக ஒன்று சொன்னாரே. ஏழாவது என்ன என்று மாமன் கேட்டபோது, சொத்துரிமை என்று அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். மறந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார், அவருக்கு அதில் வெட்கம் கிடையாது. இரண்டையும் விட்டுவிட்டு, 'அதான் வாசிக்கிதுல்ல' என்றாரே. அது ஞாபகம் இல்லாததால் வந்த பேச்சா, ஞாபகம் இருந்தும் எனக்காக வந்த பேச்சா.

நேற்றுச் சாயந்திரம் அந்தப் பிள்ளை சன்னல் கம்பிக்குள் போனை நீட்டியது. "பாட்டி, உங்களுக்கு வேற எதாச்சும் கேக்கணுமா? எதக் கேட்டாலும் சொல்லும்."

நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன், புத்தகம் வாங்கப் போகிறவள் மாதிரி. அப்புறம் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.